மோசமான நாளிலும் தோற்காதவர்கள்

2004 பிரெஞ்சு ஓபனின் மூன்றாவது சுற்றில் ரோஜர் ஃபெடரர், குஸ்தாவோ குவெர்த்தனிடம் நேர் செட்களில் தோற்றுப் போனார். அதன் பிறகு ஒரு கிராண்ட் ஸ்லாமில் அரையிறுதிக்கு முன்பே அவரை வெளியேற்ற உலகத்துக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2004 விம்பிள்டனில் தொடங்கி 2010 ஆஸ்திரேலிய ஓபன் வரை, இடைவெளியே இல்லாமல் 23 கிராண்ட் ஸ்லாம்கள். அத்தனையிலும் அரையிறுதி. அவற்றில் 14 முறை கோப்பை, 6 முறை இறுதியாட்டத்தில் தோல்வி, 3 முறை அரையிறுதியில் தோல்வி.

அந்த ஒன்பது தோல்விகளையும் பிரித்துப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. ஆறு தோல்விகள் ரஃபேல் நடாலிடம். மீதி மூன்று மராட் சாஃபின், நோவாக் ஜோகோவிச், ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ ஆகியோரிடம் ஆளுக்கு ஒன்று. நான்கு பேருமே கிராண்ட் ஸ்லாம் கோப்பையைத் தூக்கியவர்கள். இந்த நான்கு பேரைத் தவிர வேறு எவராலும் அந்த 23 போட்டிகளில் அவரை வீழ்த்த முடியவில்லை.

அதற்கு முன்பு இருந்த சாதனை 10. ராட் லேவரும் இவான் லெண்டிலும் எட்டிய எண் அது. விளையாட்டுச் சாதனைகள் வழக்கமாக நூலிழை அளவில்தான் முறியடிக்கப்படும். நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்காக ஒரு தலைமுறையே காத்திருக்கும். இங்கே 10 என்பது 23 ஆகிவிட்டது. லெண்டிலைவிட ஃபெடரர் இரண்டு மடங்கு திறமைசாலி என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் சாதனை மட்டும் எப்படி இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்தது? இந்த அத்தியாயத்தில் அதற்குத்தான் விடை தேடப் போகிறோம். முதலில் கணக்கு.

அரையிறுதிக்குப் போக ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும். 23 அரையிறுதிக்கு 115 சுற்றுகள். (இரண்டொரு சுற்றில் எதிராளி காயத்தால் களமிறங்கவில்லை. 2007 விம்பிள்டனில் டாமி ஹாஸ் விலகியது அப்படி ஒன்று. கணக்குக்காக அதை விட்டுவிடுவோம்.) ஓர் ஆட்டக்காரர் நூறு ஆட்டங்களில் 95ஐ வெல்லக் கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். எந்த அளவுகோலிலும் அவர் மகத்தான வீரர். ஆனால் 115 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல அவருக்குள்ள வாய்ப்பு 365இல் ஒன்றுதான். 95ஐ 98 ஆக்குங்கள், வாய்ப்பு பத்தில் ஒன்றாகிறது. 99 ஆக்கினால் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. சரிபாதி வாய்ப்பு வேண்டுமானால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி வாய்ப்பு 99.4 சதவீதமாக இருக்க வேண்டும்.

இந்த எண்கள் எவ்வளவு சமமின்றி நகர்கின்றன என்று கவனியுங்கள். ஒருவர் தோற்பதற்கு முன் சராசரியாக எத்தனை ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வார் என்பதை அவருடைய வெற்றி வாய்ப்பைத் தோல்வி வாய்ப்பால் வகுத்தால் கண்டுவிடலாம். 90 சதவீதக்காரர் 9 ஆட்டங்கள், 95 சதவீதக்காரர் 19, 98 சதவீதக்காரர் 49, 99 சதவீதக்காரர் 99. கடைசி ஒரே ஒரு சதவீதம் தொடரின் நீளத்தை இரட்டிப்பாக்குகிறது. பார்வையாளர் கண்ணுக்கு 98க்கும் 99க்கும் வேறுபாடே தெரியாது. தொடர் வெற்றிகளின் பட்டியலில் அதுதான் 10க்கும் 23க்கும் உள்ள தூரம். ஆகவே சாதனை இரட்டிப்பானதற்குத் திறமை இரட்டிப்பாகத் தேவையில்லை. தோல்வி வாய்ப்பு பாதியானால் போதும்.

அந்தத் தோல்வி வாய்ப்பை எவை எவை சேர்ந்து குறைத்தன? டென்னிஸின் மதிப்பெண் முறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய ஃபெடரர் ஒரு புள்ளிவிவரத்தைச் சொன்னார். தன் வாழ்நாளில் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வென்றிருக்கிறார், ஆனால் பாயிண்டுகளில் 54 சதவீதத்தைத்தான் வென்றிருக்கிறார் என்று. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் நூறு பாயிண்டுகளில் 46ஐ எதிராளிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்!

இந்தச் சிறு மிகுதி எப்படிப் பெருகுகிறது? டென்னிஸில் பாயிண்டுகள் கேமாகின்றன, கேம்கள் செட்டாகின்றன, செட்கள் ஆட்டமாகின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த சல்லடைகள் போல ஒவ்வோர் அடுக்கும் அதிர்ஷ்டத்தைச் சலித்துக் கீழே தள்ளுகிறது. எல்லாப் பாயிண்டிலும் ஒருவருக்கு 54 சதவீத வாய்ப்பு என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். செட்டை வெல்லும் வாய்ப்பு 76. மூன்று செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 86. ஐந்து செட் ஆட்டமானால் 91. சர்வ் போடும்போது ஒரு வாய்ப்பு, எதிர்கொள்ளும்போது வேறு வாய்ப்பு என்று பிரித்துக் கணக்கிட்டாலும் விடை பெரிதாக மாறுவதில்லை.

இப்போது 54ஐ 58 ஆக்கிப் பாருங்கள். முதல் சுற்றுகளில் தரவரிசையில் எங்கோ கீழே இருப்பவரை எதிர்கொள்ளும்போது இது சாதாரணமாகக் கிடைக்கும் மிகுதி. ஐந்து செட் ஆட்டத்தில் வெற்றி வாய்ப்பு 99.6க்கு ஏறிவிடுகிறது. 180 பாயிண்டுகள் கொண்ட ஓர் ஆட்டத்தில் 54 சதவீதம் என்றால் 97க்கு 83. 58 சதவீதம் என்றால் 104க்கு 76. ஏழே ஏழு பாயிண்டுகள் கை மாறியதில், பத்தில் ஒரு முறை தோற்கக் கூடியவர் இருநூற்று ஐம்பதில் ஒரு முறை தோற்கக் கூடியவராகிறார்.

ஐந்து செட் என்பதன் அருமையும் இங்கேதான் புலப்படுகிறது. அதே 58 சதவீதக்காரர் மூன்று செட் ஆட்டத்தில் 98.4 சதவீதம் வெல்வார். கேட்க அதிகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் தோல்வி வாய்ப்பை ஒப்பிட்டால் 1.6க்கும் 0.4க்கும் நான்கு மடங்கு வித்தியாசம். ஆண்கள் டென்னிஸின் நெடுந்தொடர்கள் கிராண்ட் ஸ்லாம்களில் குவிந்திருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ரஃபேல் நடாலின் களிமண் தரைச் சாதனையில் இதை நேரடியாகவே பார்க்கலாம். 2005 ஏப்ரலில் வலென்சியாவில் இகோர் ஆந்த்ரயேவிடம் தோற்ற நடால், அதன் பின் 2007 மே வரை களிமண்ணில் 81 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். 1977இல் கில்லெர்மோ விலாஸ் 53 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றதுதான் அதுவரை சாதனை. நடால் அந்த 53ஐத் தொட்ட ஆட்டம் 2006 ரோம் இறுதி. எதிரே ஃபெடரர். ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்த ஆட்டத்தின் ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 6-5 முன்னிலையில் இருந்தபோது அவருக்கு இரண்டு மேட்ச் பாயிண்ட்டுகள் கிடைத்தன. இரண்டிலும் அவரது ஃபோர்ஹேண்ட் தவறியது. டைபிரேக்கில் நடால் வென்றார். அந்த ஃபோர்ஹேண்டுகளில் ஒன்று கோட்டுக்குள் விழுந்திருந்தால் தொடர் 52இல் முடிந்து, விலாஸின் பெயரே பட்டியலின் தலையில் நின்றிருக்கும்.

அந்த ஆட்டத்தில் இருவரும் களைத்துப் போனதால் அடுத்த வாரம் ஹாம்பர்க் போட்டியிலிருந்து இருவருமே விலகினார்கள். 2007இல் ஹாம்பர்க் இறுதியாட்டம் மூன்று செட்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதே ஃபெடரர், அதே நடால். ஃபெடரர் 2-6, 6-2, 6-0 என்று வென்றார். 81 அத்தோடு நின்றது. பழைய விதிப்படி இன்னும் ஒரு செட்டோ இரண்டோ மிச்சம் இருந்திருக்கும். அவற்றை நடால் வென்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. 6-0 என்ற கடைசி செட்டைப் பார்த்தால் அது சந்தேகமே. ஆனால் ரோமில் அவரைக் காப்பாற்றிய நீளம் ஹாம்பர்க்கில் அவருக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை.

உடம்பு தேறுவதற்குக் கிடைக்கும் நேரமும் இதே போல முக்கியம். கிராண்ட் ஸ்லாமில் பெரும்பாலும் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நாள் ஓய்வு உண்டு. வாராந்திரப் போட்டிகளில் அது கிடையாது. இதன் விளைவைச் சென்னை ரசிகர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள். 2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் அரங்கில் சென்னை ஓபன் அரையிறுதி. நடாலும் அவருடைய நெருங்கிய நண்பர் கார்லோஸ் மோயாவும் மூன்று செட்களையும் டைபிரேக் வரை இழுத்தார்கள். நான்கு மணி நேரத்தை நெருங்கிய ஆட்டத்தில், தோல்வியின் விளிம்பிலிருந்து மேட்ச் பாயிண்ட்டுகளைக் காப்பாற்றி நடால் வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் மிகயீல் யூஷ்னி அவரை 6-0, 6-1 என்று வீழ்த்தினார். முந்தின நாள் விடாப்பிடியாக நின்ற அதே கால்களுக்கு மறுநாள் பந்திடம் போய்ச் சேர முடியவில்லை. நடாலின் அந்த வருடத்து உச்சத்தை விம்பிள்டன் கோப்பை சொல்லும். களைத்த நாளில் அவர் எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடும் என்பதை நுங்கம்பாக்கம் சொல்லியது.

தொடர் சாதனைகள் அளப்பது இந்தக் கீழ் எல்லையைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு கோப்பையை வெல்ல இரண்டு வாரம் உச்சத்தில் இருந்தால் போதும். 115 சுற்றுகளைக் கடக்க, காய்ச்சலடித்த நாளிலும், காற்றடித்த நாளிலும், முதல் சர்வ் விழாத நாளிலும் வெல்ல வேண்டும். 2008 தொடக்கத்தில் ஃபெடரருக்குச் சுரப்பிக் காய்ச்சல் இருந்தது. அந்த ஆஸ்திரேலிய ஓபனின் மூன்றாவது சுற்றில் யாங்கோ டிப்சாரெவிச் அவரை ஐந்தாவது செட்டில் 10-8 வரை இழுத்தார். 2009 ஆஸ்திரேலிய ஓபனில் டோமாஷ் பெர்டிக் முதல் இரண்டு செட்களையும் எடுத்துக்கொண்டார். இரண்டு ஆட்டங்களும் கடைசியில் ஃபெடரருக்கே.

இவற்றிலெல்லாம் தோல்வி மிக நெருங்கி வந்தது 2009 ஜூன் 1, பாரிஸ். முந்தின நாள்தான் ராபின் சோடர்லிங் நடாலை வீழ்த்தியிருந்தார். பிரெஞ்சு ஓபனில் நடாலின் முதல் தோல்வி. ஃபெடரர் அதுவரை வெல்லாத ஒரே கிராண்ட் ஸ்லாமின் கதவு திறந்திருந்தது. அந்தச் சுமையோடு நான்காவது சுற்றில் டாமி ஹாஸை எதிர்கொண்ட ஃபெடரர் 6-7, 5-7 என்று இரண்டு செட் பின்தங்கினார். மூன்றாவது செட்டில் 3-4, சர்வ் அவருடையது, 30-40. இந்தப் பாயிண்டை இழந்தால் ஹாஸ் 5-3 என்று முன்னேறி ஆட்டத்தை முடிக்க சர்வ் போடுவார். பேக்ஹேண்ட் பக்கம் வந்த பந்தைச் சுற்றி ஓடி, இடது மூலையிலிருந்து ஃபோர்ஹேண்டைப் பக்கக் கோட்டை ஒட்டி அடித்தார் ஃபெடரர். பந்து உள்ளே விழுந்தது. அதிலிருந்து தொடர்ந்து ஒன்பது கேம்கள் அவருக்கு. கடைசி மூன்று செட்கள் 6-4, 6-0, 6-2. அந்த வாரக் கடைசியில் கோப்பையும் வந்தது.

இந்த ஃபோர்ஹேண்டைப் பற்றி எழுதியவர்கள் பலரும் பெரிய தருணத்தில் பெரிய வீரர் எழுந்து நின்றார் என்ற பாணியில்தான் எழுதினார்கள். அறிவியல் காட்டும் சித்திரம் வேறு. ஃபிராங்க் க்ளாசென், யான் மாக்னுஸ் என்ற இரு டச்சுப் பொருளியல் புள்ளியியலாளர்கள் 1992 முதல் 1995 வரையிலான நான்கு விம்பிள்டன்களில் ஆடப்பட்ட கிட்டத்தட்ட 90,000 பாயிண்டுகளை ஆராய்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒவ்வொரு பாயிண்டும் தனித்தனியா, அல்லது முந்தைய பாயிண்டின் நிழல் அடுத்ததன் மேல் விழுகிறதா? நிழல் விழத்தான் செய்கிறது என்று தெரிந்தது. முந்தைய பாயிண்டை வென்றவருக்கு அடுத்ததையும் வெல்லும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. முக்கியமான பாயிண்டுகளில் சர்வ் போடுபவருக்கு வெற்றி சற்றுக் கடினமாகிறது. இரண்டு விளைவுகளுமே சிறியவை. ஆனால் அவர்கள் கண்டதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மூன்றாவது செய்தி. ஆட்டக்காரர் எவ்வளவு பலவீனமானவரோ, அவ்வளவுக்கு இந்த விளைவுகள் பெரிதாகின்றன.

இதைத் திருப்பிப் படித்தால், வலிமையான ஆட்டக்காரரின் பாயிண்டுகளில் முன்கதையின் தடம் மங்கலாக இருக்கிறது. 40-0 என்ற நிலையிலும் 30-40 என்ற நிலையிலும் அவர் ஏறத்தாழ ஒரே ஆள். அப்படிப் பார்த்தால் ஹாஸுக்கு எதிரான அந்த ஃபோர்ஹேண்டுக்கு வேறு அர்த்தம் கிடைக்கிறது. அது ஃபெடரர் எந்தச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியிலும் அடிக்கக் கூடிய அடி. ஆண்டுக்கணக்காக அடித்துப் பழகிய அதே அடியை, தோல்வி இரண்டு அடி தூரத்தில் நிற்கும்போதும் மாற்றாமல் அடித்ததுதான் அங்கே நடந்தது. டார்ட்மவுத்தில் ஃபெடரர் மாணவர்களுக்குச் சொன்னதும் இதையேதான்: ஆடும்போது அந்தப் பாயிண்டே உலகம், முடிந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்று. மேடைப் பேச்சில் அது அறிவுரையாக ஒலிக்கலாம். 90,000 பாயிண்டுகளின் தரவில் அது ஓர் அளவீடு.

தனிமனிதருக்கு வெளியே இருக்கும் காரணங்களையும் மறந்துவிடக் கூடாது. 2001 முதல் கிராண்ட் ஸ்லாம்களில் சீடிங் 16 பேரிலிருந்து 32 பேராக விரிந்தது. அதனால் முதல் இரண்டு சுற்றுகளில் முன்னணி வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டிய ஆபத்து குறைந்தது. லெண்டிலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் விம்பிள்டன் தன் புல் தரையை முழுக்கப் பல்லாண்டு ரை புல்லாக மாற்றியது. தரை கெட்டியானது, பந்து உயரமாகவும் சீராகவும் எழும்பத் தொடங்கியது. புல்லுக்கு ஒரு பாணி, களிமண்ணுக்கு ஒரு பாணி என்று ஆட்டக்காரர்கள் இரு சாதியாகப் பிரிந்திருந்த காலம் அத்தோடு முடிவுக்கு வந்தது.

மட்டையின் நரம்பும் மாறியது. 1997இல் குவெர்த்தன் பிரெஞ்சு ஓபனை வென்ற பிறகு பாலியெஸ்டர் நரம்புகள் பரவின. பந்து படும்போது இந்த வழுக்கும் நரம்புகள் பக்கவாட்டில் நழுவி, பந்து மட்டையை விட்டுப் போவதற்குள் சுண்டித் திரும்புகின்றன. அந்தச் சுண்டல் பந்துக்குக் கூடுதல் சுழற்சி தருகிறது. மேல்சுழற்சி ஏறிய பந்தை, காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்தில் முழு வேகத்தில் அடித்தாலும் பந்து கோட்டுக்குள் வந்து இறங்கும். தவறுக்கு இடம் கொடுத்து அடிக்க முடிந்தால் மோசமான நாளின் தவறுகளும் குறையும். கீழ் எல்லை உயரும். சுழற்சியை மற்ற எவரையும்விட அதிகம் நம்பிய நடால், சுழற்சிக்கு அதிக நேரமும் உயரமும் தரும் களிமண்ணில் 81ஐ எட்டியது தற்செயல் இல்லை.

நீடிப்பை அளக்க வேறு வழிகளும் உண்டு, அவை வேறு குணங்களைக் காட்டுகின்றன. ஸ்பெயினின் ஃபெலிசியானோ லோபெஸ் தொடர்ந்து 79 கிராண்ட் ஸ்லாம்களில் கலந்துகொண்டார். எதிலும் காலிறுதியைத் தாண்டவில்லை. அது உடம்பைப் பேணிய சாதனை, நான் அதைச் சிறிதாக நினைக்கவில்லை. நடால் 2005 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 912 வாரங்கள் உலகத் தரவரிசையின் முதல் பத்துக்குள் இருந்தார். தரவரிசை 52 வாரப் புள்ளிகளின் கூட்டுத்தொகை என்பதால் ஒரு மோசமான மாதத்தை அது மன்னித்துவிடும். காயத்தால் பல மாதங்கள் ஆடாமல் இருந்தும் அவர் பத்துக்குள்ளேயே நீடித்தது அதனால்தான். அரையிறுதித் தொடர் ஒரு மோசமான பிற்பகலைக்கூட மன்னிக்காது.

அப்படிப்பட்ட பிற்பகல்கள் கடைசியில் வரவே செய்தன. வந்த விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பாயிண்டுக்குப் பாயிண்ட் சற்றே பலவீனமானவர் நிதானமாக ஆடினால் நேரம் செல்லச் செல்லத் தோற்பது உறுதி; சல்லடைகள் அவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன. அவர் செய்யக் கூடியது ஏற்ற இறக்கத்தைக் கூட்டுவது. ஒவ்வொரு பந்தையும் கோட்டை நோக்கி அடிப்பது, ரேலியைச் சுருக்குவது, டைபிரேக்கில் இரண்டொரு பாயிண்டில் பந்தயம் கட்டுவது. பெரும்பாலான நாட்களில் அவர் இன்னும் மோசமாகத் தோற்பார். ஒரு நாள் எல்லாம் உள்ளே விழும். 2010 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில், மழை நனைத்த பாரிஸில், சோடர்லிங் அப்படித்தான் தட்டையான முரட்டு அடிகளால் ஃபெடரரின் 23ஐ முடித்தார். தொடர்ச்சியாக 28 காலிறுதிகளில் ஆடிய ஜோகோவிச்சை 2016 விம்பிள்டன் மூன்றாவது சுற்றில் நிறுத்தியவர் சாம் குவெர்ரி. சர்வ்தான் அவருடைய பெரிய ஆயுதம்.

அரையிறுதித் தொடர் முடிந்த பிறகும் ஃபெடரரின் காலிறுதித் தொடர் உயிரோடு இருந்தது. 2010 விம்பிள்டன் முதல் சுற்றில் அலெஹாந்த்ரோ ஃபால்யா இரண்டு செட்களை வென்று, நான்காவது செட்டில் 5-4 என்ற நிலையில் ஆட்டத்தை முடிக்க சர்வ் போட்டார், முடிக்க முடியவில்லை. தொடர் 36 காலிறுதிகள் வரை நீண்டது. 2013 விம்பிள்டன் இரண்டாவது சுற்றில் உலகின் 116ஆம் நிலை வீரர், உக்ரைனின் செர்கி ஸ்டகோவ்ஸ்கி, அநேகமாக வழக்கொழிந்து போயிருந்த ஆட்ட முறையைக் கையில் எடுத்தார். சர்வ் போட்டதும் வலைக்கு ஓடினார், மறுபடி மறுபடி ஓடினார். ஃபெடரருக்குத் தன் தாளத்தில் இரண்டு பந்துகளைச் சேர்ந்தாற்போல் அடிக்க வாய்ப்பே தரவில்லை. 6-7, 7-6, 7-5, 7-6. ஒன்பது ஆண்டுகள் நீடித்த 36 அங்கே முடிந்தது. அடுத்த சுற்றில் அதே புல்லில், அதே முறையில் ஆடிய ஸ்டகோவ்ஸ்கி யூர்கன் மெல்ட்சரிடம் தோற்று வெளியேறினார்.